சுற்றிச் சுற்றி வந்த சமநிலை

தவுபிக்கைக் கல்லூரி வெளியே தள்ளவில்லை. மூன்றாம் ஆண்டில் அவனாகவே நின்றுகொண்டான். புத்தகத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதுகிறவர்களை ஆசிரியர் என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை. இப்போது சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசு விலைப்பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிறான். ஓய்ந்த நேரத்தில், எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் எழுதிச் சேர்க்கும் ஓர் ஓப்பன் சோர்ஸ் கணித லைப்ரரிக்கு, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்புக்கு, நிரல் எழுதினான். போட்டியிடும் இருவரில் எவரும் தான் மட்டும் முடிவை மாற்றி ஆதாயம் பார்க்க முடியாத சமநிலையைக் கண்டுபிடிக்கும் நிரல். அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த வாரம் வெளிவரவிருந்த பதிப்பில் அவன் பெயரும் இருந்தது.

கூடப் படித்த ராஜபாண்டியன் மோப்பம் பிடித்து வந்தான். இப்போது அதே கல்லூரியில் விரிவுரையாளர்.

"லேப்ல ஒரு போஸ்ட் காலியாக் கெடக்கு மாப்ள. ரிலீஸ் ஆகட்டும், அதக் காட்டி ஒன்னைய உள்ள இழுத்துருதேன். டிகிரி கேக்க மாட்டாக. வழிகாட்டுனது நான்னு மட்டும் ஒரு வரி போட்டுக்கிடுதேன்."

"எந்த வழிலே காட்டுன?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழி. விடுலே."

அந்த ஒரு வரி பொய் என்று தவுபிக்குக்குத் தெரியும். ஆனாலும் மை வாடையும் மெஷின் இரைச்சலும் இல்லாத அந்த லேப் அறை அவனுக்கு வேண்டும். தலையாட்டினான்.

மறுநாள், வெம்பக்கோட்டையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் நல்லசிவம் எதிர்க் கம்பெனியின் விலைப்பட்டியலைக் கொண்டுவந்து போட்டார்.

"இதுல உள்ள ரேட்டையே நமக்கும் போட்டுரு தம்பி. பேர மட்டும் மாத்து."

"புஸ்வாணத்துக்குமா அண்ணாச்சி? நீங்க அது செய்யுறதே இல்லையே."

"ஆர்டர் வந்தா வாங்கிக் குடுத்துக்கிடுவோம்."

அவர் போனதும், இளக்காரமாக அந்த இரண்டு கம்பெனிகளையும் தன் நிரலுக்குள் ஏற்றினான். யார் என்ன விலை போட்டால் யாருக்கு எவ்வளவு லாபம் என்று. டீ குடித்துவிட்டு வந்தும் விடை வரவில்லை. நிரல் ஓடிக்கொண்டே இருந்தது.

காரணம் புரிந்தபோது தன்மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது. இஷ்டத்துக்கு வாரிப்போட்ட எண்களை வைத்தே அவன் சோதித்திருந்தான். அவற்றில் இரண்டு சமமாக வந்ததே இல்லை. இங்கே எவனுக்கும் சொந்தமாக ஒரு விலை கிடையாது. விலை எல்லாம் காப்பி, அதனால் லாபக் கணக்கும் எல்லாம் சமம். சமமான இரண்டில் எதை எடுப்பது என்று நிரலுக்கு அவன் விதி வைக்கவில்லை. அது புறப்பட்ட இடத்துக்கே வந்து திரும்பவும் புறப்பட்டது.

ராஜபாண்டியனுக்கு போன் போட்டுச் சொன்னான்.

"இத எவன் பாக்கப்போறான்? வேலையில சேந்தப்பெறகு மெதுவா சரிபண்ணு."

"நான் பாத்துட்டேன்லா."

"வாய மூடிக்கிட்டு இரியேம்லே."

லைப்ரரிக்காரர்களுக்கு எழுதினான்: சம எண்கள் வந்தால் என் நிரல் நிற்காது. சரிசெய்ய இந்த வாரம் போதாது. இந்தப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

எடுத்துவிட்டார்கள். பதிப்பு அவன் பெயரில்லாமல் வந்தது. லேப் வேலை துறைத்தலைவரின் மச்சானுக்குப் போயிற்று. ராஜபாண்டியன் அதன்பிறகு பேசவில்லை. அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.