கடைமடையில் பச்சை

கண்மாய் நிறைந்து கிடந்தால் ஊருக்குச் சந்தோஷம். அந்த வைகாசியில் சோணையம்மாளுக்கு மட்டும் அதைப் பார்க்கப் பார்க்க மனம் தவித்தது.

காரணம் மீன். பண்ணைப்புரத்துக்குக் கிழக்கே இருந்த அந்தச் சிற்றூரில் கண்மாய் மீனை ஏலம் விட்ட பணத்தில்தான் சித்திரைத் திருவிழாவுக்கு நாடகம் போடுவார்கள். மலைக்காய்ச்சலில் வரிசையாகச் சாவு விழுந்த வருஷம் நாட்டாண்மை ஒச்சாண்டி நாடகத்தை நிறுத்தினார். அதிலிருந்து மீன் பணம் வருஷா வருஷம் மதராசுக்குப் போனது. அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான் சோணையம்மாளின் புருஷன் மலைச்சாமி. முடித்ததும் ஊரிலேயே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது பேச்சு.

ஆழத்தில் கிடக்கும் மீனை வலை எட்டாது. கண்ணில் படாத மீனுக்குப் போடி வியாபாரிகள் விலை கேட்கவும் மாட்டார்கள். வழக்கமாகப் பங்குனியிலேயே தண்ணீர் முழங்காலுக்கு வற்றிவிடும். இந்த வருஷம் கோடை மழை விடவில்லை. மடையைத் திறந்து கண்மாயை வடியவிடலாம்தான். ஆனால் கண்மாய்க்குக் கீழே ஒரே ஒரு வயல் பச்சையாக நின்றாலும், அந்த வயல்காரர் தானாகச் சொல்லாமல் திறக்கக் கூடாது. போய்க் கேட்பதும் கூடாது.

மற்றவர்கள் அறுத்துவிட்டார்கள். ஆள் இல்லாமல் பிந்தி நட்ட சோணையம்மாளின் கடைமடை வயல் மட்டும் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. கண்மாய் வடிந்து, அந்த நேரத்தில் பாய்ச்சலுக்குத் தண்ணீர் இல்லாமல் போனால் நெல் பதராகிவிடும்.

ஆனி பிறப்பதற்குள் பணம் கட்டாவிட்டால் கல்லூரியில் மலைச்சாமியின் பெயரை அடித்துவிடுவார்கள். அடித்தால் வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நெல்லும் விளையும், புருஷனும் வருவான்.

பொங்கலுக்கு வந்தபோது அவள் முதுகில் காதை வைத்து, "மூச்ச இழு, இப்ப விடு" என்றான். "எல சலசலக்குற மாதிரிக் கேக்குது. அப்பிடித்தான் கேக்கணும்." இப்போதும் மூச்சை இழுத்தால் முதுகில் அந்த இடம் மட்டும் சூடாகிறது.

கரையில் ஒச்சாண்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடை பார்க்கிற பால்பாண்டி, அவள் கொழுந்தன்.

"ஏன் மதினி, அண்ணன் வரட்டும்னுதான் பிந்தி நட்டிகளா?"

"நடவுக்கு ஒன்னயத்தான் கூப்புட்டேன். நீ சந்தைக்குப் போயிட்ட."

"நாடகம் பாக்காத ஏக்கத்துல போனேன்."

ஒச்சாண்டி சிரிக்கவில்லை. ஏறு வெயிலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். அவள் அருகில் உட்கார்ந்தாள். அவர் மூச்சில் இலைச் சத்தம் இல்லை. ஈரச் சருகை மிதிக்கிற சத்தம்.

"எம்புட்டு நாளா மாமா காச்ச?"

"அது வரும், போகும் ஆத்தா."

மடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெறக்கச் சொல்லுங்க, மாமா."

"நெல்லு?"

"வைக்கலாவது மிஞ்சும். அவுக படிச்சு முடிக்கட்டும்."

பால்பாண்டி முங்கி அடைப்பை உருவினான். தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. அவள் அதற்கு முன்னால் ஓடி, கடைசித் தண்ணீராவது பாயட்டும் என்று தன் வயலின் வாய்மடையை வெட்டிவிட்டாள். ஒரு கதிரைக் கிள்ளினாள். நகத்தில் பால் வெள்ளையாக ஒட்டியது. மூச்சை இழுத்து, விடாமல் நிறுத்திக் காதுகொடுத்தாள்.

தண்ணீர் போகிற சத்தம்தான் கேட்டது.