நீலம் பூத்த டிஸ்க்

கழற்றிய பிரேக் டிஸ்க் இரண்டும் வேலை மேசைமேல் கிடந்தன. இரும்பு தன் நிறத்தில் இல்லை. அடிபட்ட சதை கன்றிப்போவதுபோல விளிம்புவரை நீலம் பூத்திருந்தது. மெக்கானிக் நகத்தை அதன்மேல் ஓட்டினான். மயிரிழை வெடிப்புகளில் நகம் இடறியது. டிஸ்க்கைக் கவ்வும் பேட்கள் பின்தகடு தெரியத் தேய்ந்திருந்தன. மழைக்காலம் தொடங்கும் முன் போட்ட புது ஜோடி. மழை இன்னும் விடவில்லை. மலைச்சாலையில் பாரத்தோடு இறங்கும் லாரிகளில்தான் இப்படிப் பார்த்திருக்கிறான். இந்த ஊரில் ஏறி இறங்க ஒரு மேடு கிடையாது.

கார் பட்டறை லிஃப்டில் உயர்ந்து நின்றது. கடல் தாண்டி வந்த வண்டி. மஞ்சள் நிறம், இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். பெயிண்ட் கடையை விற்ற கையோடு அத்தான் அதை வாங்கினார். பாதி வாழ்க்கை அடுத்தவர் வீட்டுச் சுவருக்கு நிறம் கலந்து கொடுத்தவர். தனக்கென்று கேட்டது இந்த மஞ்சள் ஒன்றைத்தான் என்று அக்கா சொல்வாள்.

"நீ போட்டது மட்டமான சரக்கு," என்றார் அத்தான்.

"கம்பெனி சரக்கு அத்தான். டப்பா பிரிக்கும்போது பக்கத்துலதான நின்னீங்க."

"அப்ப போட்ட கை மட்டம்."

அவன் சிரித்தான். தருவித்திருந்த டப்பாக்களைத் திறந்து காட்டினான். ஒன்றில் முன்பு போட்டது போன்ற சாதா டிஸ்க். இன்னொன்றில் முகம் முழுக்கத் துளையிட்டது. பேட்டிலும் இரண்டு வகை. ஒன்று தெருவுக்கு. மற்றது பந்தயத்துக்கு, கல்போல் கனமாக இருந்தது.

"இந்த ஓட்டை எதுக்கு?"

"சூடு போக."

"எனக்கு சூடுதானே பிரச்சினை?"

"உங்களுக்கு எப்படி சூடு வருதுன்னுதான் எனக்குப் புரியல. துளை போட்டதே போடுறேன். ஆனா பேட் சாதா போதும். இந்த ரேஸ் பேட் சூடேறினாதான் பிடிக்கும். காலையில எடுத்து முதல் சிக்னல்ல மிதிச்சா, யோசிச்சுட்டுதான் நிக்கும்."

"என்னை மாதிரி," என்றார் அத்தான். "உங்க அக்காவைக் கட்டும்போதுகூட நான் இவ்வளவு விசாரிக்கல."

"அவ விசாரிச்சிருந்தா நீங்க இன்னும் தனி ஆள்தான்."

வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த அக்கா சிரிக்கவில்லை. அவள் காரையும் பார்க்கவில்லை, டப்பாவையும் பார்க்கவில்லை. அத்தானின் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அகலமான, மெத்தென்ற, கிழவர்கள் போடுகிற ஷூ. மஞ்சள் காருக்குப் பொருந்தாத ஷூ.

துளை டிஸ்க்கும் சாதா பேட்டும் என்று முடிவாயிற்று. முடிவு மெக்கானிக்குடையது. ரேஸ் பேட் கிடைக்காத அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூட்டி முடிக்க மதியமானது. பிரேக் ஆயில் கருகி டீத்தூள் நிறத்தில் இருந்தது. அதையும் மாற்றினான். பிறகு குழாயில் தங்கிய காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். இரண்டு பேர் வேலை. வண்டியை முழங்கால் உயரத்துக்கு இறக்கியதும், யாரும் கூப்பிடாமலே அத்தான் ஏறி உட்கார்ந்தார்.

"மிதிங்க. அப்படியே பிடிங்க."

திருகைத் திறந்தான். குமிழிகளோடு ஆயில் வந்தது. மூடினான்.

"விடுங்க."

"விட்டாச்சு."

பேட் டிஸ்க்கைக் கவ்வியபடியே இருந்தது. கையால் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தான். அசையவில்லை.

"விட்டீங்களா அத்தான்?"

"விட்டுட்டேன்னு சொல்றேன்ல. உனக்குக் காதும் போச்சா?"

பேட்டை அழுத்தும் கேலிப்பர் ஒட்டிக்கொண்டதோ என்று நினைத்தான். புது சீல், ஒட்ட வழியில்லை. எழுந்து திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தான். அத்தான் இரண்டு கையையும் ஸ்டியரிங்மேல் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தேகமே இல்லை. கீழே அவருடைய வலது கால் பெடலை அடிவரை அழுத்திக்கொண்டிருந்தது.

மெக்கானிக் குனிந்து எதையோ தேடுபவன்போல உள்ளே கைவிட்டான். ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினான். பிறகு இன்னும் பலமாக, உள்ளே விரல் எலும்பு தட்டுப்படும்வரை. அத்தான் கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நீலம் புரிந்தது. இந்த வண்டியில் இரண்டு பெடலும் ஒட்டி ஒட்டி இருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்கும் அந்த அகன்ற ஷூவின் ஓரம் பிரேக்கிலும் கிடந்திருக்கிறது. வழியெல்லாம். அவருக்குத் தெரியாமல்.

"கால் பெடல்மேலதான் இருக்கு அத்தான்."

அத்தான் குனிந்து பார்த்தார். முழங்காலோடு காலைத் தூக்கி நகர்த்தினார்.

"பெடல் கெட்டியா இருக்கு. அதான் தெரியல."

"சர்க்கரை எப்படி இருக்கு?"

"என்னது அது, பிரேக் பாக்கச் சொன்னா ரத்தம் பாக்குற." குரல் தாழ்ந்தது. "வண்டி வந்த அன்னைக்கே உன் கண்ணைப் பாத்தேன். வேற எவனாவது ஓட்டினா உனக்கு இப்படி வயிறு எரியாது. அத்தான் ஓட்டுறான்ல."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தான். கை கழுவப் பின்பக்கம் போனான். அக்கா அங்கே முன்பே வந்து நின்றிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"ஒரு நாள் ஷூவுக்குள்ள ஆணியோட சாயங்காலம் வரைக்கும் நடந்திருக்காரு. கால் கழுவிவிடும்போது நான்தான் பிடுங்கினேன்."

"டாக்டர்?"

"ஓட்டவே கூடாதுன்னுட்டாரு."

"அப்புறம் என்னக்கா?"

"சாவியை ஒளிச்சு வெச்சேன்டா. திட்டல. தேடக்கூட இல்ல. சுவரைப் பாத்து உக்காந்துட்டாரு. தட்டை வெச்சா, யாரோ யாருக்கோ வெச்ச மாதிரி பாத்தாரு." குழாய் நீரில் அவளும் கையை நீட்டினாள். அவள் கையில் அழுக்கில்லை. "வண்டியில உக்காந்தாதான் என்கிட்ட பேசுறாரு. கடைக்கு வந்தவன் போனவன், அவங்கம்மா அடிச்சது, எல்லாம். கட்டின நாள்லேர்ந்து நான் கேக்காத பேச்சு. வேணும்னே சுத்து வழியில போகச் சொல்லுவேன்."

"எங்கயாவது மோதினா?"

"பக்கத்துல நான்தான இருக்கேன்."

"ரோட்டுல மத்தவங்களும் இருக்காங்க."

அக்கா குழாயை மூடினாள். மூடிய பிறகும் இன்னும் இறுக்கினாள்.

"எது தாங்குமோ அதைப் போட்டுக் குடு," என்றாள்.

அவன் வெகுநேரம் டப்பாக்களின் முன் நின்றான். சாதா பேட் இந்த மழைக்குள்ளேயே கருகிவிடும். ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அந்தக் காலின் கீழ் தாங்கக்கூடியது ஒன்றுதான். பூட்டிய பேட்டைக் கழற்றினான். ரேஸ் பேட்டைப் பிரித்தான்.

அத்தான் நடந்து வந்து அருகில் நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"சொன்னேன்ல. கடைசியில என் வழிக்குத்தான் வந்த."

"ஆமா அத்தான்."

"வாய் பேசினேன். மனசுல வெச்சுக்காத."

"முதல்ல பிடிக்காது. சூடேறணும். தெருமுனை வரைக்கும் நடந்து போற மாதிரி போங்க."

"ஏறிடும்," என்றார் அத்தான்.

காற்றெடுக்க இந்த முறை அக்காவை உட்காரச் சொன்னான். விடு என்றதும் அவள் விட்டாள்.

சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. கையை அதன்மேல் வைத்தபடி நின்றான். அத்தான் கேட்கவில்லை, கதவருகே காத்திருந்தார். அக்காதான் வந்து உள்ளங்கையை நீட்டினாள். சின்ன வயதில் அவன் திருடி ஒளித்ததைத் திருப்பிக் கேட்கும்போதும் இப்படித்தான் நீட்டுவாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சாவியை வைத்தான்.

அத்தான் முதலில் உட்கார்ந்தார். பிறகு பேண்டை முழங்காலில் பிடித்து, பையைத் தூக்கி வைப்பதுபோல வலது காலை உள்ளே வைத்தார்.

பட்டறைக்கு வெளியே சாலை நேராகப் போகிறது. இருபுறமும் கிடங்குச் சுவர்கள். வளைவில்லை, எதிரே வண்டியில்லை. முனையில் சிக்னல். அதன் கீழே சிலர் குடையோடு நின்றிருந்தார்கள். கார் வெளியேறியது. பின்னால் பிரேக் விளக்கு எரிந்தது. எரிந்தபடியே வேகம் கூடியது. ஈரத் தாரில் இரண்டு சிவப்புக் கோடுகள் வண்டியோடு நீண்டுகொண்டே போயின. பின் கண்ணாடி வழியே அக்காவின் தலை அவர் பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தது. அவர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து எதையோ விவரித்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் மழையில் இறங்கி நின்று பார்த்தான். விளக்கு முதலிலிருந்தே எரிவதால் இப்போது மிதிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. சிக்னல் சிவப்புக்கு மாறியது. ஒரு குடை நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கியது.