தேன்மொழி சிரித்த மறுநாள்

ஜெசிந்தா டீச்சர் எழுதிய சிறுவர் நாவலில் கொல்லிப்பாவைக்கு எட்டுக் கை, முதுகில் புத்தகப் பை, வயது பத்து. அவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாளோ அவர் காலி. கொல்லிமலையின் குண்டூர் நாட்டுக்காரர்கள் டீச்சருக்குச் சொன்ன கதையில், மலையைச் சூறையாட வருகிற பகைவரைத்தான் பாவை சிரித்துக் கொல்வாள். அது விறுவிறுப்பைக் கெடுக்கிறது என்று டீச்சர் வெட்டிவிட்டார். பெருமையாகப் பள்ளி அலமாரியில் ஒரு பிரதியும் வைத்தார்.

அதை எடுத்துப் படித்தவள் நாலாம் வகுப்புத் தேன்மொழி. அந்த வாரமே, மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டிப்போன அவள் அப்பா தனபால் வளைவில் வண்டி உருண்டு இறந்துபோனார். அதற்கப்புறம் பிள்ளை சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரையும் போல டீச்சரும் இருந்தார். ஐந்து மாதம் கழித்து, ஒருநாள் பள்ளி விட்டதும், வாசலில் அவளே வந்து சொன்னாள்.

"லாரி எடுக்கறப்ப அப்பாவப் பாத்து நாந்தானுங்க டீச்சர் சிரிச்சேன்."

டீச்சர் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "அது நான் கட்டிவிட்ட கதை, கண்ணு."

"அப்ப பாவை பொய்யிங்களா?"

பொய் என்றால் இவள் வீட்டார் கும்பிடுகிற சாமியைப் பொய் என்றதாகும். மெய் என்றால் அப்பாவைக் கொன்றவள் இவளே என்றாகும். தான் எழுதியதிலேயே வசமாக மாட்டிக்கொண்டு நின்றார் டீச்சர்.

"பாவை மெய்தான். நான்தான் தப்பா எழுதிட்டேன். சொந்த சனத்தப் பாத்துச் சிரிச்சா ஒண்ணும் ஆகாது."

"அப்புறம் அப்பாவுக்கு ஏனுங்க ஆச்சு?"

"பிரேக் பிடிக்கல, கண்ணு."

அவள் நம்பவில்லை. "சரி, என்னைப் பாத்துச் சிரி. நாளைக்குக் காலையில பெல் அடிக்கறப்ப இங்க நிப்பேன்" என்றார் டீச்சர். வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று பின்வாங்கியவளைக் கெஞ்சவேண்டியிருந்தது. கடைசியில் உதட்டோரம் கொஞ்சமாகச் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலை, டீச்சர் அடிவாரத்திலிருந்து தினமும் வரும் பஸ் நாற்பத்தோராவது கொண்டை ஊசி வளைவில் நின்றது. மழையில் பாறை சரிந்து ரோட்டை அடைத்திருந்தது. பின்னால் லாரிகள் வரிசைகட்டியதால் கீழேயும் திரும்ப முடியாது. சிக்னலும் இல்லை. "சாயங்காலம் ஆயிருமுங்க" என்றார் கண்டக்டர். மற்றவர்கள் சாய்ந்து தூங்கத் தொடங்கினார்கள். டீச்சரோ கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெல் அடிக்கும், டீச்சர் வரமாட்டார், இரண்டாவது ஆளையும் கொன்றுவிட்டோம் என்று அந்தப் பிள்ளை நினைக்கும்.

குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

"ஏனுங்க டீச்சர், போகாதீங்க. இன்னும் கல்லு உருளுது" என்றார் கண்டக்டர்.

அதுவும் சரிதான். இன்றைக்குப் பார்த்து டீச்சர் செத்துவைத்தால் எல்லாம் கெட்டது. சரிவை விட்டு விலகி, மிளகுத் தோட்டம் வழியாகச் சுற்றி, மேலே ரோட்டைப் பிடித்தார். உயிரின் மேல் இவ்வளவு ஆசையோடு அவர் ஒருநாளும் நடந்ததில்லை. மலையின் எழுபது வளைவில் இன்னும் இருபத்தொன்பது இருந்தது.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரமும் தாண்டியிருந்தது. டீச்சருக்கு முட்டி வரை சேறு, ஒரு கால் செருப்பைக் காணோம். வாசல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தேன்மொழி நின்றிருந்தாள். இன்னொரு கை வாயைப் பொத்தியிருந்தது. "காத்தாலருந்து இப்படியேதானுங்க நிக்குது, சோறும் வேண்டாங்குது" என்றார் சத்துணவு சமைக்கும் மாதம்மாள்.

டீச்சர் அவள் முன்னால் மண்டியிட்டார். தேன்மொழி அவர் கன்னத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், சேற்றுக் கையைத் தொட்டாள். பிறகு வாயிலிருந்து கையை எடுத்தாள். சிரிப்பு வரவில்லை. "அப்பா" என்று, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.