முன்னால் இருந்த கக்கூஸ்

அசாமில் ஒரு நாமக்கல் லாரி ஆளில்லாமல் நின்றது. ஓட்டிப் போன டிரைவர் காமாலை கண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். இப்படி ஆனால் மாற்று டிரைவரை நாமக்கல்லில் இப்போதெல்லாம் ரயிலில் அனுப்புவதில்லை. ரயில் போய்ச் சேர்வதற்குள் சரக்குக்காரன் போனிலேயே உயிரை எடுத்துவிடுவான். அதனால் ஏரோப்ளேன். அப்படித்தான் சின்னுசாமியும் சின்னராஜும், மாறி மாறி ஓட்ட ரெண்டு டிரைவராக, பெங்களூரில் ஏறினார்கள். ஏறும்போது சின்னராஜுக்கு ஒரே குஷி. "பாருங்ணா, லோடு ஏத்தற மாதிரி நம்மளையும் ஏத்தறானுங்க. தார்ப்பாய்தான் கட்டல" என்றான்.

சின்னுசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வேறு பயம். அறுபதை நெருங்கும் உடம்பு. மூத்திரப் பைக்கு அடியில் வீக்கம் என்று டாக்டர் சொல்லி வருஷம் ஒன்றாகிறது. வந்தால் வந்ததுதான், அடக்க முடியாது. இது சம்சாரம் சௌந்திரத்துக்கு மட்டும் தெரியும். ஓனர் சிவபிரகாஷ் காதில் விழுந்தால் அன்றோடு ஸ்டீயரிங் போச்சு. ஸ்டீயரிங் போனால் அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

லாரியில் இதை மறைப்பது ஒரு காரியமே இல்லை. கேபினில் மூத்திரம் பிடிக்க அகலவாய் பாட்டில் ஒன்று எப்போதும் கிடக்கும். சீக்குக்காக வைத்ததல்ல அது. வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டினாலும் ஆபீசில் ஓனர் போனில் வண்டி ஓடுவதைக் காட்டும் புள்ளி நின்றுவிடும். உடனே கூப்பிட்டு, "வண்டி ஏனுங்க நிக்குது?" என்பார். அந்தப் பேச்சுக்குப் பயந்து எல்லா டிரைவரும் பாட்டிலுக்குப் பழகியவர்கள்தான். சின்னராஜ் உட்பட.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே சின்னுசாமி பச்சைத் தண்ணி பல்லில் படவிடவில்லை. நாக்கு வறண்டு போய், ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒரு சின்ன தண்ணி பாட்டில் வாங்கி அடிவரை குடித்துவிட்டார். ரெண்டு பேருக்கும் சீட்டு தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். இவருக்கு முன்னால் ஒரு துணித்திரை, அதற்கு அந்தப்பக்கம் காசுக்காரர்கள். சின்னராஜ் நாலைந்து வரிசை பின்னால்.

மூத்திரம் முட்டியபோது எழுந்து பின்னால் பார்த்தார். சாப்பாட்டுத் தள்ளுவண்டி நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. முன்னால் பார்த்தார். திரை இடுக்கில் கக்கூஸ் கதவு தெரிந்தது, மேலே பச்சை விளக்கு. நாலு எட்டு வைத்தால் போதும். திரையை விலக்கினார்.

பணிப்பெண் கை நீட்டித் தடுத்தாள். "இது முன் சீட்டுக்காரங்களுக்கு மட்டும் சார். உங்களுக்குப் பின்னால இருக்கு."

வடக்கே லைன் ஓட்டிப் பழகிய இந்தியில் அவர் கெஞ்சினார். "பின்னால வழி இல்லம்மா. அவசரம்."

"அஞ்சு நிமிஷம் பொறுங்க."

"உள்ள ஆளே இல்லையேம்மா. ஒரு நிமிஷம். வயசானவன்."

"ரூல் சார். என் கையில இல்ல." சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். அதே சிரிப்போடு திரையை இழுத்து மூடினாள்.

தள்ளுவண்டிப் பக்கம் போனார். "சூடா டீ இருக்கு, உட்காருங்க" என்றான் அங்கிருந்த பையன். அதற்குள் விமானம் குலுங்கியது. பெல்ட் போடும் விளக்கு எரிந்தது. எல்லோரும் உட்கார வேண்டும் என்று மேலே குரல் வந்தது. உட்கார்ந்தார். காலை மடக்கினார், பல்லைக் கடித்தார், குலதெய்வத்தைக் கூப்பிட்டார். முன்னால் அந்தப் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கும் என்ற நினைப்புதான் மனசைக் குடைந்தது. உடம்பு கேட்கவில்லை.

தோளில் கிடந்த துண்டை மடியில் விரித்தார். காலி பாட்டிலைக் கீழே கொண்டுபோனார். இத்தனை வருஷம் சுங்கச்சாவடி வரிசையில் செய்த காரியம். கை தானாகச் செய்தது. ஆனால் இது குறுகிய வாய்ப் பாட்டில். அதுவும் நிறைந்துவிட்டது, அவருக்கு நிற்கவில்லை. துண்டு நனைந்து, சீட்டு நனைந்து, பக்கத்திலிருந்த பெண்ணின் செருப்புவரை போய்விட்டது.

அவள் போட்ட சத்தத்தில் விமானமே திரும்பிப் பார்த்தது. ஒருத்தன் எழுந்து போனைத் தூக்கிப் பிடித்தான். தள்ளுவண்டி இப்போது சட்டென்று நகர்ந்து வழி விட்டது. பணிப்பெண் ஓடி வந்தாள். "குடிச்சிருக்காரா? இவர்கூட வந்தவங்க யாராவது இருக்கீங்களா?"

சின்னுசாமி திரும்பினார். சின்னராஜ் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். திரும்பின கணத்தில்தான் மூடினான். அதை அவர் பார்த்தார்.

இறங்கினதும் போலீஸ். குடிக்கவில்லை என்று ஊதிக் காட்டி, மன்னிப்பு எழுதிக் கொடுத்த பிறகே விட்டார்கள். இனி எங்கள் ஏரோப்ளேனில் ஏறக்கூடாது என்றார்கள் விமானக் கம்பெனிக்காரர்கள். சின்னராஜ் பையோடு ஒருதரம் அந்தப் பக்கம் வந்தான். நின்று பேசவில்லை. "ஓனர் கூப்புட்டுட்டே இருக்காருங்ணா. நான் முன்னால போறனுங்ணா" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான்.

லாரியை அவன் ஒருத்தனே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட, சின்னுசாமி ரயிலில் திரும்பினார். கக்கூஸ் ஓரமாகத்தான் இடம் கிடைத்தது. அங்கே போக வர யாரும் தடுக்கவில்லை.

அவருக்கு முன்னாலேயே அந்த வீடியோ நாமக்கல் வந்துவிட்டது. லாரி வந்து சேர்ந்த அன்றைக்கு ஓனர் கூப்பிட்டனுப்பினார். சின்னராஜும் மேசை ஓரம் நின்றான்.

"என்னங்ணா இது? சம்சாரத்துக்குக்கூடக் காட்ட முடியலீங்க" என்றார் சிவபிரகாஷ், சின்ன வயசுக்காரர். "சீக்குன்னா முதல்லயே சொல்லியிருக்கோணுமில்லீங்களா?"

"சொல்லியிருந்தா வண்டி குடுத்திருப்பீங்களா சாமி?"

ஓனர் பேனாவை உருட்டினார்.

"முன்னாடி கக்கூஸ் சும்மாதான் இருந்துச்சுங்க. விடமாட்டேன்னுட்டா. பாட்டில்ல போறது எனக்கு ஏரோப்ளேன் பழக்கிவிட்ட பழக்கமுங்களா? வண்டி நின்னாப் போதும், நீங்க போனைப் போடறீங்க. இந்தா நிக்கறான், கேளுங்க இவனை. சொல்றா சின்னராஜு, நீ பாட்டில் வெக்கறதில்ல?"

சின்னராஜ் தரையைப் பார்த்தான். "நான் தாபாவுல நிறுத்தித்தானுங்க போவேன்."

"அது லாரி, இது ஏரோப்ளேன். ரெண்டையும் ஒண்ணாக்காதீங்ணா" என்றார் ஓனர். குரலில் கோபமே இல்லை. "இனி மாத்து டிரைவர் எல்லாம் ஏரோப்ளேன்லதான் போகோணும். உங்களை இனி நம்பி ஏத்தியனுப்ப முடியாதுங்க. ஊட்டுல இருங்க, ஏதாச்சும் இருந்தாக் கூப்புடறேன்." வண்டிச் சாவியைச் சின்னராஜ் பக்கம் தள்ளினார். அவன் எடுத்துக்கொண்டான்.

ஓனர் யாரையும் அப்படித் திரும்பக் கூப்பிட்டதாகச் சின்னுசாமி கேள்விப்பட்டதில்லை.

ஷெட்டில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் அவரைக் கண்டதும் கையை நிறுத்தினார்கள். "ஏனுங்ணா, மேகத்துக்கு மேலயே மழை பெய்ய வெச்சுட்டீங்களாமா?" என்றான் குழந்தைவேல். ஷெட்டே சிரித்தது. சின்னுசாமியும் சிரித்தார். வேறு என்ன செய்வது?

சின்னராஜ் பின்னாலேயே வந்து, "வாங்ணா, ஒரு டீ குடிக்கலாம்" என்றான்.

"டீ குடிச்சா மறுபடி போகோணும் சாமி. அப்பறம் நீ கண்ணை மூடோணும். எதுக்கு உனக்குச் சிரமம்?"

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள், என்னவென்று தெரியாமலேயே. சின்னராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய் வண்டியில் ஏறினான்.