துண்டுக்கடியில் ஒரு பேரம்

ஆதிலட்சுமி தன் காதுத் தோட்டைக் கழற்றிச் சந்தனக் கல்லில் உரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு சொட்டுப் பால் விட்டு உரைத்ததில் கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு திரண்டது. கரைந்தது தங்கமா, காதழுக்கா என்பது அந்தத் தோட்டைச் செய்த பத்தருக்கே வெளிச்சம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி பெண்டாட்டி பவளம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாயத் தொற தம்பி. தங்கத் தண்ணி. இதுமேல ஆச வெச்சிருந்தா, இதோட நிம்மதியா போயிரு."

கயிற்றுக் கட்டிலில் கிடந்த ஏகாம்பரம் வாயைத் திறக்கவில்லை. ஆதிலட்சுமி உதட்டை விரலால் விலக்கி ஊற்றினாள். தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் எழுந்தது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, நெஞ்சு எகிறி அடங்கியது. தங்கத் தண்ணீர் கடைவாய் வழியாக வந்து தலையணையில் இறங்கியது. உயிர் இருந்த இடத்திலேயே இருந்தது.

வாதம் அடித்து விழுந்த மனுஷனைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தூக்கி வந்த நாளிலிருந்து இதே கதைதான். வாயும் வலப்பக்கமும் போய்விட்டன. இடது கை விரல்களில் மட்டும் கொஞ்சம் ஆள் இருந்தார். ஆசைப்பட்ட பொருள் நாக்கில் பட்டால் உயிர் சுகமாக இறங்கும் என்பது உத்திரமேரூர்ப் பக்கத்து நம்பிக்கை. நாத்தனார் ஆதிலட்சுமி தாமலிலிருந்து வந்து இறங்கியதே அந்த வைத்தியத்துக்குத்தான். முதலில் பால் ஊற்றினாள். அடுத்தது மண். சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவதுதான் முறை. மாட்டுத் தரகருக்கு நிலம் ஏது? சந்தை மைதானத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வந்து கரைத்தாள். சந்தை மைதானத்து மண்ணில் மண் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டார். சுய நினைவுள்ள யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வாசலில் செருப்பு உதறும் சத்தம் கேட்டது. சேட்டு வந்தான். ஏகாம்பரத்திடம் தரகு பழகியவன்; மஞ்சக்காமாலையில் கிடந்து போன மாதம்தான் எழுந்தவன். சட்டைக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். மேல்மூடியில் ஐஸ்பெட்டி ஈரம்.

"இன்னாடா அது?" என்றாள் ஆதிலட்சுமி.

"பீரு. அண்ணனுக்கு உசுரே இதுலதான் ஆயா. காஞ்சிபுரம் போய் வாங்கியாந்தேன்."

"யாருடா ஆயா? உன்னவிட நாலு வயசு மூத்தவ நானு."

"சரி அக்கா, கோச்சிக்காத. ஒரு ஸ்பூன் ஊத்திப் பாப்போம்."

ஊற்றினார்கள். நுரை உதட்டோரத்தில் குமிழியிட்டது. மறுபடியும் அந்தக் களகள. பவளம் காதைப் பொத்திக்கொண்டாள். அடங்கியதும், ஏகாம்பரத்தின் இடது கை எழுந்து சேட்டுவின் மணிக்கட்டில் பட்டென்று ஒன்று வைத்தது.

"அடப்பாவி, உசிரு போவுதுன்னு பாத்தா கைய ஓங்கறான்!" என்றாள் ஆதிலட்சுமி.

சேட்டு மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "தப்பு என்னுதுதான். கடைச் சரக்கு அண்ணனுக்கு ஆவாது. பாட்டில் கய்வுன தண்ணின்னு ஏசுவாரு. அவரே போட்ட சரக்கு பின்ரூம்ல கீதே அண்ணி, அதக் குடுத்துப் பாக்கலாம்."

அவன் அதைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் பவளம் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

குடிகாரப் புருஷன் என்றால் அவளுக்கு வழி தெரிந்திருக்கும். தெருவே சொல்லிக் கொடுக்கும். தலையில் தண்ணீர் ஊற்றலாம், சோறு போடாமல் இருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். இவர் குடிகாரரும் இல்லை. ஓசூர்ச் சந்தைக்கு ஒரு ஜோடி மாட்டோடு போனவருக்கு யாரோ ஒரு கண்ட்ராக்டர் எல்லைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் ஒரு பாட்டில் பீர் வாங்கிக் கொடுத்தான். திரும்பி வந்தவர், "கேவுரு மாதிரி ஒரு தானியத்த மொளகட்டிக் காய்ச்சி, அத இன்னா வெலைக்கு விக்கறான் பாரு! நாமளே போட்டா இன்னா?" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். பிள்ளையில்லாத வீட்டில் ஜாடிகள் பிறக்கத் தொடங்கின.

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, இடித்துக் காய்ச்சி, ஆறினதும் கள்ளு மண்டியை விட்டு மூடி வைப்பார். கம்பில் ஒரு முறை, சிவப்பரிசியில் ஒரு முறை, நாட்டு மருந்துக் கடைப் பார்லியில் ஒரு முறை. வீடு முழுக்கப் புளித்த நாற்றம். அவள் தலைமுடியில் நாற்றம், சாமி மாடத்தில் நாற்றம். ஒரு பொங்கலன்று ஜாடி ஒன்று வெடித்துப் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரெல்லாம் மஞ்சளாக வழிந்தது. அப்போது மதுவிலக்குக் காலம். சத்தம் கேட்டு ஓடி வந்தவர்களிடம், ஊறுகாய் பொங்கிவிட்டது என்று இவள் சொன்னாள். ஊறுகாய் எந்த ஊரில் வெடித்தது? வாரம் முழுக்க அந்தச் சுவரில் எறும்பு.

இத்தனையும் செய்து மனுஷர் குடிப்பது அரை டம்ளர்தான். ஒரு வாய் உறிஞ்சி, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி நாக்கால் துழாவி, கண்ணை மூடிக்கொண்டு, "மொத வாய் இனிப்பு... பின்னால புது வைக்கோல் வாசன வருது பாரு," என்பார். யாருக்கு வருகிறது? பிறகு டம்ளரை அவளிடம் நீட்டுவார்.

"நாக்கு நுனில ஒரு சொட்டு. வெச்சி, எப்பிடி கீதுன்னு மட்டும் சொல்லு."

"தூ! அப்பால எடுத்துக்கினு போ."

"முயுங்க வாணா. துப்பிடு."

"சாவு வந்தாலும் தொட மாட்டேன்."

சரக்கு போட்டவருக்கு ஒரு வாடிக்கை வேண்டியிருந்தது. சேட்டு எதைக் கொடுத்தாலும் "ஃபஸ்ட் கிளாஸ் அண்ணே" என்பான். அந்தப் பேச்சை அவர் காதில் வாங்குவதே இல்லை. சந்தையிலும் அவர் அப்படித்தான். மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து புகழ்கிறவனை விட்டுவிடுவார். கொம்பு கோணல், வால் குட்டை, நடை சரியில்லை என்று ஏசுகிறவன் பின்னால்தான் போவார். "அவனப் புடிச்சிக்கோடா சேட்டு. இவ்ளோ ஏசறான்னா மாடு அவன் மனசுல பூந்துடுச்சின்னு அர்த்தம்," என்பார்.

"எத்தினி ஜாடிடி கீது?" என்றாள் ஆதிலட்சுமி.

"நாலு."

"நாலுலயும் ஒவ்வொரு ஸ்பூன் ஊத்திட்டாப் போச்சி."

"வாணாம்," என்றாள் பவளம். அந்தக் களகளச் சத்தத்தை நாலு தரம் கேட்க அவளால் ஆகாது. "ஒவ்வொரு சொட்டுக்கும் மனுசன் செத்துச் செத்து வர்றது தெரியல உங்களுக்கு? ஊத்தறதுன்னா ஒரே வாட்டி. நல்லது எதுவோ அத மட்டும்."

"எது நல்லதுன்னு எப்பிடித் தெரியும்? சேட்டு, நீ குடிச்சிப் பாருடா."

"காமால வந்த ஒடம்பு அக்கா. ஒரு சொட்டு பட்டா அண்ணனுக்கு முன்னால நான் போய் எடம் புடிச்சிருவேன்."

ஆதிலட்சுமி பவளத்தைப் பார்த்தாள். சேட்டுவும் பார்த்தான். கட்டிலில் இருந்தவரின் கண்ணும் இந்தப் பக்கம் திரும்பியிருந்த மாதிரி இருந்தது. பவளம் அடுப்படியிலிருந்து குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு பின்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

நாலு பீங்கான் ஜாடி. அடையாளத்துக்குக் கழுத்தில் மாட்டுக் கொம்பு ரிப்பன் கட்டியிருந்தார்: சிவப்பு, பச்சை, மஞ்சள். நாலாவதுக்கு ரிப்பன் தீர்ந்துபோய் மூக்கணாங் கயிற்றுத் துண்டு.

சிவப்பைத் திறந்தாள். கேழ்வரகு. மேலே கிழட்டுக் கண்ணில் விழுந்த பூ மாதிரி வெள்ளையாக ஒரு ஆடை. விலக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுத்தாள். மழையில் நனைந்த கோணிச் சாக்கை இரண்டு நாள் கூழில் ஊறவைத்துப் பிழிந்த மாதிரி. ஜலதாரையில் துப்பினாள்.

பச்சை, கம்பும் சுக்கும். கெட்டுப்போன கஷாயம். பட்டதும் மூக்குக்குள் சுருக்கென்று ஊசி ஏறி, அடிவயிற்றிலிருந்து ஒரு ஏப்பம் கிளம்பியது. வெளியே கேட்டிருக்குமோ என்று கதவைப் பார்த்தாள்.

மஞ்சளில் சிவப்பரிசியோடு கமலாப் பழத் தோல். நாக்கில் பட்டவுடன் இனிக்க இனிக்கப் பேசியது. தொண்டைக்குப் போனதும், பால் கக்கிய குழந்தையின் சட்டை வாசனை வந்தது. சரி, உள்ளே போகும்வரையாவது மரியாதையாக நடந்துகொள்கிறது.

கயிறு கட்டிய ஜாடியில் பார்லி. வாய் வைத்தவள் உடம்போடு உதறினாள். கசப்பு. சோப்புத் தண்ணீரில் வேப்பம்பூ ரசம் வைத்த மாதிரி. வேப்பம்பூ! ஜாடிக்குள் கரண்டி விட்டுக் கலக்கினாள். மேலே மிதந்து வந்தன, சருகு சருகாக. ரசத்துக்கென்று சித்திரையில் அவள் பொறுக்கி, உலர்த்தி, டப்பாவில் போட்டுவைத்த பூ. எலி தின்றுவிட்டது என்று அவர் சத்தியம் பண்ணியிருந்தார்.

மஞ்சளில்தான் ஒரு கரண்டி மொண்டுகொண்டு வந்தாள்.

"இதான். இது கொஞ்சம் மனுசங்க வாயில வெக்கலாம்."

உதட்டில் சாய்த்தாள். களகள. நெஞ்சு எகிறியது. அடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் இடது கை மட்டும் மார்பின் மேலிருந்த துண்டைத் துழாவியது, பிடித்தது, விட்டது.

சேட்டு குனிந்து பார்த்தான். "அண்ணன் பேரம் பேசணும்ங்கறாரு அண்ணி!"

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு கையும் துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடித்தால் விலை; பிடிக்கிற விரல் கூடினால் விலை ஏறுகிறது. ஒரு விரலைப் பிடித்து ஆட்டினால் போதாது என்று அர்த்தம். ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கினால் முடிந்தது. முடிந்த பிறகு, முதலில் கையை எடுக்க வேண்டியவர் தரகர்தான்.

சேட்டு துண்டுக்கடியில் கையை விட்டான். விட்ட வேகத்தில் எடுத்துக்கொண்டான். "தள்றாரு. என்கிட்ட இல்லியாம்."

பவளம் தன் கையை உள்ளே விட்டாள். அவளுக்கு இந்தப் பாஷை தெரியும். வீட்டுக்கு ஆள் வந்தால் அவர் துண்டைப் போட்டு அவள் விரலைப் பிடிப்பார். கட்டை விரல் என்றால் சாப்பாடு போடு. சுண்டுவிரல் என்றால் மோரோடு அனுப்பிவிடு. இப்போது ஆள்காட்டி விரலைப் பிடித்து ஆட்டினார்.

"இன்னாவாம்?"

"போதாதாம்."

மறுபடியும் பின்ரூமுக்குப் போய், வேப்பம்பூ ஜாடியிலிருந்து ஒரு கரண்டி கொண்டுவந்தாள். இந்தத் தடவை அவர் உதட்டையே திறக்கவில்லை. துண்டுக்கடியில் அதே விரல். அதே ஆட்டல்.

"இன்னும் இன்னாதான்டி வோணும் அவனுக்கு?" என்றாள் ஆதிலட்சுமி.

பவளம் ஒரு கை துண்டுக்கடியிலும் ஒரு கை கரண்டியிலுமாக நின்றாள். ஊற்ற வாய் இல்லை. கொட்ட இடமில்லை. கரண்டி சாய்ந்து கொஞ்சம் அவர் மேலேயே சிந்தியது. எரிச்சலில் கரண்டியைத் தன் வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

"தூ! கண்றாவி!" என்றாள். "யோவ், இதாய்யா சரக்கு? கசப்பு நெஞ்சு வரைக்கும் எறங்குது. என் வேப்பம்பூவத் திருடிப் போட்டுட்டு எலி மேல பய்யி சொன்ன இல்ல? எலி துன்னிருந்தா அப்பவே செத்திருக்கும்!"

அவர் கை இந்தத் தடவை அவள் விரலை ஆட்டவில்லை. பக்கத்து விரலையும் சேர்த்துப் பிடித்தது.

பவளம் துண்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"செவப்பு ரிப்பன் ஜாடி," என்றாள், குரல் கொஞ்சம் இறங்கி. "நனைஞ்ச கோணி. மேல ஆட வேற. பன்னிகூட மூஞ்சத் திருப்பிக்கினு போயிடும்."

மூன்றாவது விரல்.

"பச்ச. ஏப்பத்துக்குன்னே போட்டியா அத? மூக்கெல்லாம் எரியுது, வயிறு பொரட்டுது. சுக்கக் கொறச்சிருக்கணும். புள்ள பெத்தவளுக்குக் காயம் போட்ட மாதிரி அள்ளிப் போட்டிருக்க."

நாலு.

சேட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆதிலட்சுமி அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"மஞ்ச ஜாடி மொத வாய் இனிக்குது. அப்பால கொயந்த கக்குன நாத்தம். ஆனா..." நாக்கால் அண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். வேப்பம்பூக் கசப்பு இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. "வைக்கோலு ஒண்ணும் வரல எனக்கு. எதுலயும் வரல. நாலும் நாத்தம்தான். குடிக்கச் சொன்னா இந்தக் கசப்பத்தான் குடிப்பேன், போ."

ஐந்து விரலும் மூடி இறுகின. அந்த உடம்பில் அவ்வளவு பிடி எங்கே இருந்ததோ.

கட்டிலுக்கடியில் சேட்டு வைத்த கடைப் பாட்டில் வேர்த்து, தரையில் ஒரு வளையம் போட்டிருந்தது. ஆதிலட்சுமி தம்பியின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு, "என் தம்பீ..." என்று ஆரம்பித்தாள்.

தெருவிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். சேட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பவளத்திடம் நீட்டினான்.

"வாயக் கொப்புளிச்சிருங்க அண்ணி. எல்லாரும் வராங்க. நாத்தம் அடிக்கும்."

அவள் சொம்பை வாங்கவில்லை.

"கைய எடுங்க அண்ணி. அண்ணன் கைகால நேராக்கணும்."

"இரு சேட்டு," என்றாள் பவளம். "அவரு இன்னும் எடுக்கல."