தோளில் எழுதிய சிங்கம்

மகள் பிறந்து பதினாறு நாளாகியும் மகேந்திரராசா அவளைத் தூக்கவில்லை. கல்யாணம் முடித்து ஒன்பது வருடம் தவம் கிடந்து பெற்ற பிள்ளை. அறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார், பிறகு ஹோட்டலுக்குச் சட்டி கழுவப் போய்விடுவார்.

காரணம் அவருடைய இடது தோளில் இருந்தது. தவளை முட்டை மாதிரிக் கூட்டமாக நீர்க்கொப்புளங்கள். இடையிடையே இரத்தம் கலந்து கறுத்தவை. நோர்வேக்கு வந்தும் ஊர் வைத்தியம் விடாத, எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் யோகாம்பாள் அக்கா பார்த்தவுடனே அக்கி என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த காவிக்கட்டியை உரைத்து அக்கிக்கு வழக்கமான சிங்கப் படத்தை அதன்மேல் எழுதினார். பிள்ளை பிறந்ததும், வற்றும்வரை அதற்குக் கிட்டப் போகாதே, ஒட்டும் என்றார். வாராவாரம் எழுதியதில் சிங்கம்தான் தடித்தது, கொப்புளம் வற்றவில்லை.

மனைவி இந்திரா பொறுத்துப் பார்த்துவிட்டு வைத்தியரிடம் துரத்தினாள். குடும்ப வைத்தியர் அந்தச் சிவப்பைக் கண்டு வெருண்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே தோல் வைத்தியர் அம்மா ஈரப் பஞ்சால் ஒற்றினார். சிவப்பு முழுக்கப் பஞ்சோடு வந்தது. பஞ்சைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மொழிபெயர்க்க வந்திருந்த செபஸ்ரியன் குனிந்து கேட்டான்.

"அண்ணை, இது என்னவாம்?"

"சிங்கம்."

"நான் பூனையெண்டெல்லோ நினைச்சனான்."

அக்கி எழுதும் கதை முழுவதையும் அவன் நோர்வேஜிய மொழியில் சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று. வைத்தியர் சிரிக்கவில்லை. எரிந்ததா, எத்தனை நாள் என்று கேட்டார். எரியவில்லை, ஐந்து மாதம் என்றார் மகேந்திரராசா. அக்கி எரியும், சில வாரத்தில் வற்றிவிடும், இது வேறு என்று தலையாட்டினார் வைத்தியர். ஒரு கொப்புளத்தைக் குத்தினார். தெளிந்த நீர் வந்தது. அரிசியளவு சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனது பிள்ளை பிறந்த முப்பதாம் நாள். மறுநாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீக்கும் துடக்குக் கழிவு. தகப்பன் பிள்ளையை மடியில் வைத்திருக்க வேண்டிய நாள்.

"அருமையா ஒருசிலருக்குத்தான் வாறதாம் அண்ணை," என்றான் செபஸ்ரியன். "நிணநீர் ஓடுற சின்னக் குழாயள் தோலுக்குக் கீழை ஊதி மேலை தள்ளியிருக்கு. புற்றுநோய் இல்லை. வேணுமெண்டா ஆறுதலா வெட்டலாம்."

"ஒட்டுமோ?"

"ஒருத்தருக்கும் ஒட்டாது."

அவர் நம்பவில்லை. இன்னொருதரம் கேட்கச் சொன்னார். பிள்ளையைத் தூக்காத சங்கதியையும் சேர்த்து அவன் சொல்ல, இப்போது வைத்தியர் சிரித்தார். அப்படியென்றால் இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

வீட்டில் முழங்கைவரை இரண்டு முறை கை கழுவினார். இந்திரா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை நீட்டினாள். அவர் இடது தோளில் சாய்த்தார். பிள்ளை ஒருதரம் நெளிந்து, குடித்த பாலை அந்தத் தோளிலேயே கக்கிற்று.

இந்திரா துணியோடு ஓடிவந்தாள்.

"விடும்," என்றார். "இருக்கட்டும்."