அறுபத்தொன்றாம் பக்கம்

என் கணவர் மாதம் ஒரு காதல் நாவல் எழுதுகிறார். பதினெட்டு வருடமாக அதற்கு ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்துபவள் நான். ஊரில் பாதிப் பேர் அவர் கதையைப் படித்து மூக்கைச் சிந்துகிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எந்தப் பக்கத்தில் மழை வரும், எந்தப் பக்கத்தில் கடிதம் கைமாறிப் போகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இரண்டு பேர் மனசிலும் இருப்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. சொல்லித் தொலையுங்களேன் என்று நாம் தவிக்கத் தவிக்க நூறு பக்கம் இழுக்க வேண்டும். சூட்சுமம் அவ்வளவுதான். நாயகிகளும் ஒரே அச்சு: பிறை நெற்றி, சுருள் முடி, மருண்ட கண்.

போன மாதம் அறுபத்தொன்றாம் பக்கத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

நாயகி ஒரு பள்ளிக்கூட டீச்சர். "பதிவேட்டில் எழுதும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பேனாவை மூடிய பிறகுதான் விடுவாள். அதுவரை அவனும் மூச்சு விட்டதில்லை."

கண்ணைத் துடைத்த கையோடு அந்த வரிகளைத் திரும்பப் படித்தேன். இது கற்பனையில் வருகிற சமாச்சாரம் இல்லை. யாரையோ பார்த்து எழுதியது. ரொம்ப நாள் பார்த்து எழுதியது.

செவ்வாய்க்கிழமை ஆனால் நூலகம் போகும் பழக்கம் இவருக்கு எப்போது வந்தது? சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வது எப்போதிலிருந்து? நேரே கேட்டால் மழுப்புவார், பொய் சொல்வதுதானே பிழைப்பு. அதனால் என் வேலையை வைத்தே ஒரு சோதனை செய்தேன். அந்த மூன்று வாக்கியங்களையும் சிவப்புப் பேனாவால் அடித்து, ப்ரூஃப் தாள்களை அவர் மேசைமேல் வைத்தேன். ப்ரூஃபைத் திரும்பிப் பார்க்கிற ஆளே இல்லை அவர். ஒருமுறை இரண்டு அத்தியாயங்கள் இடம் மாறி அச்சானதையே வாசகர் கடிதம் வந்துதான் தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலை எடுத்துப் பார்த்தேன். நான் அடித்ததற்கு நேராக, ஓரத்தில், அவர் கையெழுத்தில் ஒரு வார்த்தை: "இருக்கட்டும்." நூற்றிருபது பக்கத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும்.

பல் துலக்கிக்கொண்டிருந்தவர் முன்னால் போய் அந்தப் பக்கத்தை நீட்டினேன்.

"அந்த வரி இல்லைன்னா படிக்கிறவங்க அழமாட்டாங்கம்மா."

"நானே அழுதேன். அதான் அடிச்சேன். யாருங்க அது?"

வாய் கொப்பளிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "நூலகத்துல புத்தகம் பதிஞ்சு தர்றவங்க. சத்தியமா ஒண்ணும் நடக்கல. ஒரு வார்த்தை பேசினதில்ல. பார்த்தேன், அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். பேசிவிட்டால் கதை முடிந்துபோகும், பார்த்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும் என்று பதினெட்டு வருடமாக எழுத்து எழுத்தாகப் படித்தவள் நான். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பாட்டுக்குத் தேதி எழுதிக்கொண்டிருக்கிறாள், பாவம். இந்த மனிதருக்கு இப்படியும் பார்க்கத் தெரியும், ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் அந்தப் பார்வை என் பக்கம் திரும்பவில்லை. அதுதான் வலித்தது.

"சரி, என்னைப் பத்தி அப்படி ஒரு வரி சொல்லுங்க" என்றேன். "ஒண்ணே ஒண்ணு போதும்."

துண்டால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். மாதம் தவறாமல் நூற்றிருபது பக்கம் எழுதுகிறவர். குழாயைக்கூட மூடத் தோன்றாமல் நின்றார். எதையாவது சொல்லிவிட மாட்டாரா என்று நான் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் ஆசையாகத்தான் இருந்தது.

"உன் கண்ணுக்கு ஒரு பிழையும் தப்பாது" என்றார் கடைசியில்.

"அது நான் பார்க்கிற வேலைங்க" என்றேன். "நான் கேட்டது என்னைப் பத்தி."